ட்ரையர் பாயின்ட்டில் ஒரு மரணம்

"அம்மா...!"

மார்லாவின் அலறல் ஓஹையோவின் அந்தச் சின்ன வீட்டையே உலுக்கியது.

அடித்தள அறையில், மான்கறி நிரம்பிய ஃப்ரீஸரின் முன்னால், ஈரத்தரையில் வெறுங்காலோடு கிடந்தாள் ட்ரூடி. உள்ளங்கை கருகியிருந்தது. பாவம், அறுபது வயதுதான்!

அரை மணியில் துணை ஷெரிஃப் லோர்னா வந்தாள். எலக்ட்ரீஷியன் வீட்டுப் பெண்.

சமையலறையில் ட்ரூடியின் இரண்டாவது கணவன் டுவேன் பொரிந்தான்.

"இவதான் மேடம் காரணம்! அது துணி காய வைக்கற ட்ரையருக்கு வெச்ச பழைய பாயின்ட். எர்த்தே கிடையாது. ஃப்ரீஸருக்கு மாத்தறேன்னு இவ கை வெச்சா!"

மார்லா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவை நானே கொன்னுட்டேனா...?"

"அழாம சொல்லு. என்ன பண்ணே?"

"போன வாரம்தான் ரெண்டு ஃபேஸ்ல ஒண்ணை மூடிட்டேன். முப்பது ஆம்ப் பிரேக்கரை எடுத்துட்டு இருபது போட்டேன். ஷாக் அடிச்சா தானே ட்ரிப் ஆகற சாக்கெட்தான் மாட்டினேன்... எர்த் திருகுல எதையும் மாட்டல. 'எர்த் இல்லை' ஸ்டிக்கரைக் கூட தேதி எழுதி ஒட்டினேன்!"

"ஸ்டிக்கரா? எலக்ட்ரீஷியன் எங்கப்பாவே அதை ஒட்டாம குப்பையில போடுவாரு!" என்றாள் லோர்னா.

மெயினை அணைத்துவிட்டுக் கீழே போனாள். திரும்பியபோது முகம் இறுகியிருந்தது.

"கீழ இருக்கறது சாதா சாக்கெட். எர்த் திருகுல ஃபேஸ்! ஃப்ரீஸர் உடம்பு பூரா கரண்ட். ஸ்டிக்கரும் இல்ல."

"நான் மாட்டினது அது இல்ல!"

"பார்த்தீங்களா, மாத்திப் பேசறா!" டுவேன் சிரித்தான். "எனக்கு மூட்டு வலி மேடம். அந்தப் படியில இறங்கி ஒரு வருஷமாச்சு."

"திங்கக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னு அம்மா இவர்கிட்ட சொல்லியிருந்தா!"

"அதுக்கு? புருஷன் பொண்டாட்டின்னா சண்டை வராதா?"

அவன் நாற்காலியில் சாய்ந்தான். எப்போதும் உட்காருகிற வாக்கில், கணுக்காலைத் தூக்கி மறு முழங்கால் மேல் போட்டுக்கொண்டான்.

லோர்னாவின் பார்வை அவனுடைய பூட்ஸின் அடியில் நின்றது.

"மூட்டு வலி அதுக்குள்ள தேவலையா, மிஸ்டர் டுவேன்?"

குனிந்து, அடியில் ஒட்டியிருந்ததை உரித்தாள். கசங்கிய சின்ன ஸ்டிக்கர். 'எர்த் இல்லை.' கீழே மார்லாவின் கையெழுத்தில்... மே 4.

டுவேனின் முகம் வெளுத்தது.

"அப்ப... நான் கொல்லலையா?"

"இல்லம்மா. நீ காப்பாத்தித்தான் வெச்சிருந்தே."

மார்லா வாய்விட்டு அழுதாள்.

விலங்கு கிளிக்கென்றது.

"ஏன் டுவேன், ஸ்டிக்கரைத் தரையில போட்டு மிதிச்சா எர்த் கிடைச்சிடுமா என்ன?"