நோவுமானியில் மூன்று

நோவுமானிக்கு இரண்டு காதுகளும் ஓர் ஊசியும் உண்டு. வேறு உறுப்புகள் தேவைப்படவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவர் அதன்முன் உட்கார்ந்து, தான் பட்டதைக் கவிதையாகச் சொல்ல வேண்டும். குரலுக்கு அடியில் கிடக்கும் வலியை அது நிறுத்துக் காட்டும். அறுபது வந்தால் பனிநாட்டில் குடியிருக்கலாம். வராவிட்டால் திருப்பி அனுப்பும் வியாழக்கிழமை விமானம். உரைநடையில் ஆட்கள் பொய் சொல்கிறார்கள், கவிதையில் சொல்ல வராது என்று ஒரு குழு கண்டுபிடித்திருந்தது. அந்தக் குழுவில் கவிஞர் எவரும் இருக்கவில்லை.

மற்ற நாட்டு அகதிகள் நேரே போய்ச் சொல்லி, அழுது, அறுபத்தைந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நம்மவர்கள் சோதனை என்றதும் ரியூசன் வகுப்பு வைத்தார்கள். முகாமின் சலவை அறையில் தம்பிமுத்து மாஸ்டர் நடத்தினார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். கவிதையும் அவருக்குக் கணக்குத்தான்: மூச்சு பிசகினால் முதலிலிருந்து.

தவநாயகி தன் கவிதையைப் பதினொரு மாதத்தில் நானூறு தரம் சொன்னாள். மாஸ்டர் நானூறு தரமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவள் முறை வந்தபோது, இரண்டு பிள்ளைகளையும் வாசலில் இருத்திவிட்டு உள்ளே போய் ஒரு பிசகில்லாமல் ஒப்புவித்தாள்:

தண்ணீர் அள்ளப் போனவர் திரும்பவில்லை.
வாளி திரும்பியது.
யாரோ கொண்டுவந்து வைத்தார்கள்,
தளும்பத் தளும்ப.
பிள்ளைகளுக்குப் பசி.
அந்தத் தண்ணீரில் அரிசி களைந்தேன்.

ஊசி மூன்றில் நின்றது.

அதிகாரி ஆரூரன் கருவியைத் தட்டிப் பார்த்தான். பனிநாட்டில் பிறந்த பிள்ளை, ஒன்பது வருட சேவை.

“அக்கா, இது உண்மையா நடந்ததோ?”

“பின்னே? வாளி இன்னும் என்னட்டக் கிடக்கு. கொண்டந்து காட்டவோ?”

“மூண்டு எண்டு காட்டுது.”

“நல்லாப் பாடமாக்கினனான் தம்பி. பாழாப்போன மாஸ்டர் மனுசன், நல்லாப் படிப்பிச்சிட்டுது.”

வியாழனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவள் வாசலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். ஆரூரனும் பார்த்தான். ஆனால் விதி விதிதான். தீர்ப்பு எழுதுமுன் பதிவை அதிகாரி வாய்விட்டுப் படித்து, ‘நீங்கள் சொன்னது இதுதானே’ என்று கேட்க வேண்டும். படித்தான். “வாளி திரும்பியது” என்ற இடத்தில் ஒரு சின்ன இருமல். அவ்வளவுதான்.

ஊசி தொண்ணூற்றொன்றுக்குப் போய், திரும்பி வர மறுத்தது.

நோவுமானிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அறுபதைத் தாண்டியவரை உடனே பாதுகாப்பில் எடுக்க வேண்டும் என்றுதான் அதற்குக் கற்பித்திருந்தார்கள். இரண்டு பேர் வந்து ஆரூரன்மேல் ஒரு கம்பளியைப் போர்த்தி, பராமரிப்பு விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்பது வருடமாக அவன் படித்துக் காட்டிய கவிதைகளெல்லாம் எங்கே போய்க் குந்தியிருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்காலி காலியானது. அதில் இருப்பவருக்கு ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. கட்டடம் முழுக்க நிறுத்துப் பார்த்தார்கள். வாசல் காவலாளிக்கே இருபத்திரண்டு. ஐந்துக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு ஆள்தான். தவநாயகிக்கு வேலை அனுமதியோடு வதிவிட உரிமையும் புதன்கிழமையே வந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து, வெளியே விடலாமா என்று நிறுக்க ஆரூரனை அவள்முன் கொண்டுவந்தார்கள். எண்பத்தொன்பது.

“அக்கா, நீங்கள் எப்பிடி மூண்டுக்கு வந்தனீங்கள்?”

“நானூறு தரம் சொன்னன்.”

“நானும் சுவருக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்திட்டன். குறையுதில்லை.”

“சுவருக்கோ? விசரே தம்பி? கேக்கிறதுக்கு ஒரு மனிசர் வேணும்.”

“அப்ப அந்த மாஸ்டரிட்டப் போகட்டே?”

தவநாயகி பதிவேட்டைப் புரட்டினாள்.

“முந்தநாள் அவரையும் நிறுத்தனாங்கள். தொண்ணூற்றேழு. உங்கட பக்கத்துக் கட்டில்தான் குடுத்திருக்கு” என்றாள். “அவரும் ஒராளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.”