அறுபது டாலரில் ஒரு கொலை

"ஐயோ...!"

போலகம் எண்ணெய்க் கிணற்றுத் தளமே அந்த அலறலில் உறைந்தது.

அலறியவள் நத்தாலி. கம்பெனியின் நிலவியல் நிபுணர்.

அவள் கை நீண்ட இடத்தில் ஒரு சேற்றுத் தொட்டி. துளையிடும்போது கிணற்றுக்குள் விடுகிற சாம்பல் நிறச் சேறு. அதில் முகம் புதைந்து மிதந்தது... ஓர் உடல்!

லுதோவிக்!

காரைக்காலில் பிறந்து, பாரீசில் படித்துத் திரும்பியவன். தோண்டலாமா, மூடலாமா என்று கம்பெனிக்குச் சொல்லும் செலவு அதிகாரி.

பின்மண்டை பிளந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அமுதம் ஜீப்பிலிருந்து குதித்தார்.

"இவர் மேல யாருக்குக் கோபம்?"

"எல்லாருக்குந்தான் மேடம்..." நத்தாலி விசும்பினாள். "ஒரு பீப்பா எண்ணெய் எடுக்க நமக்கு அறுபத்தஞ்சு டாலர் ஆவுது. சந்தையில விலை அறுபதுக்கு விழுந்துடுச்சு."

"எடுக்க எடுக்க நஷ்டம்!"

"ஆமா. இதுவரைக்கும் தோண்டுன செலவு போனது போனதுதான். இனிமே ஆவுற செலவு விலைக்குள்ள அடங்குனாத்தான் மேல தோண்டுவாங்க. இல்லாட்டி சிமென்ட்டக் கொட்டி மூடிடுவாங்க. அதை முடிவு பண்ணத்தான் வந்தாரு."

"மூடுனா யாருக்கு அடி?"

நத்தாலியின் பார்வை ஜான்பீட்டர் பக்கம் போனது.

துளையிடும் ரிக் இயந்திரத்தின் சொந்தக்காரர். நெற்றியெல்லாம் வியர்வை.

"நான் இப்பத்தாங்க வர்றேன்! கோவில்பத்து வீட்லேர்ந்து நேரா... அலறல் கேட்டுத்தான் கேட்லேர்ந்து ஓடியாந்தேன். வழுக்கி விழுந்திருப்பாருங்க!"

மடிப்புக் கலையாத சலவைச் சட்டை. ஆனால் வாட்ச் வாருக்கு அடியில்...

"கையக் காட்டுங்க."

"எ... எதுக்குங்க?"

"வீட்லேர்ந்து நேரா வந்தவரு கையில, இந்த ஈரச் சேறு எப்படிங்க வந்துச்சு?"

ஜான்பீட்டர் மண்ணில் சரிந்தார்.

"ரெண்டு வருஷம் வேலையில்லாம துருப்புடிச்சு நின்ன ரிக்குங்க இது! இதை நம்பி நாப்பது குடும்பம். விலை எங்கயோ வெளிநாட்ல இறங்குது... அடுப்பு இங்க அணையுது! காலையில வந்ததும் 'ரிக்க நிறுத்துங்க'ன்னாரு. கெஞ்சுனேன். காதுலயே வாங்காம போனை எடுத்துக்கிட்டு நடந்தாரு. கையில ஸ்பேனர் இருந்துச்சு... அடிச்சிட்டேன்! தொட்டியில தள்ளிட்டு, வீட்டுக்கு ஓடி சட்டைய மாத்திக்கிட்டு வந்தேன்!"

நத்தாலியின் செல்போன் அலறியது.

தலைமை அலுவலகம்! அமுதம் சைகை காட்ட, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"நத்தாலி! லுதோவிக் ஏன் போனை எடுக்க மாட்டேங்குறாரு? அவரு காலையில சொன்ன யோசனைக்கு சேர்மன் சரின்னுட்டாரு!"

"எ... என்ன யோசனை சார்?"

"இன்னும் ஆழமா போவாம, இருக்குற கிணத்துலேர்ந்தே பக்கவாட்டுல தோண்டறது! பீப்பாவுக்கு ஐம்பது டாலர்தான் ஆவும். துளைக்கிற கருவிய மாத்தணும்... அதுக்காக இன்னைக்கு ஒருநாள் மட்டும் ரிக்க நிறுத்தச் சொன்னாரு. ஜான்பீட்டர்ட்ட சொல்லிடும்மா, ரெண்டு வருஷத்துக்கு அவருக்கு வேலை இருக்குன்னு!"

லைன் கட்டானது.

ஜான்பீட்டர் தலையில் அறைந்துகொண்டார்.

அமுதம் விலங்கைப் பூட்டினார்.

"ஏன்னு அவர்கிட்ட முழுசா கேட்டிருந்தா, இந்நேரம் கம்பெனி காருல போயிருப்பீங்க. இப்ப எங்க ஜீப்புல ஏறுங்க ஜான்பீட்டர்... கவலப்படாதீங்க, டீசல் என்ன விலை வித்தாலும் செலவு அரசாங்கத்தோடது!"