குறட்டைக்கு விரித்த படுக்கை

"சம்பந்தி வீட்டுக்காரங்க நிம்மதியா தூங்கணும்னு நான் மூக்கை அறுத்துக்கணுமா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"அறுக்கலைங்க, நேராக்கறாங்க. உள்ள எலும்பு இடதுபக்கம் வளைஞ்சிருக்குன்னு அம்பது தடவை சொல்லிட்டேன்."

"அம்பது வருஷமா இந்த வளைஞ்ச எலும்போடதான் இருக்கேன். யாரு செத்தா?"

"கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்து இங்க தங்கப்போறாங்க. உங்க சத்தத்தைக் கேட்டா மாப்பிள்ளை பொண்ணே வேணாம்னு ஓடிடுவான்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் ஏறி வந்தது. "தம்பி! உன் பொண்டாட்டி மூக்கு ஆஸ்பத்திரியில வேலை பாக்கறதால பொழச்ச. பல்லு ஆஸ்பத்திரியா இருந்தா இந்நேரம் உன் வாய்ல ஒண்ணும் மிஞ்சியிருக்காது!"

"அண்ணி, நீங்க உங்க வேலையைப் பாருங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சண்டை போட்டால் தெருவுக்குக் கேட்கத்தான் செய்யும். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் ரொட்டிக்காரரின் அக்காவுடையது. கணவனை இழந்தவள், ஒட்டுவீட்டில் தனியாக இருப்பவள், தம்பி வீட்டுச் சண்டை எதையும் தவறவிட்டதில்லை. ரொட்டிக்காரர் சனிக்கிழமை தவிர இரவெல்லாம் பேக்கரி அடுப்பில் வேலை செய்துவிட்டு, காலை எட்டுக்குப் படுத்து மூன்றுக்கு எழுகிற மனிதர். அவருடைய குறட்டைதான் தெருவின் பகல் நேரத்துச் சங்கீதம். தபால்காரர் மணிகூட அடிப்பதில்லை. சத்தம் கேட்டால் கையெழுத்துப் போட ஆளில்லை என்று புரிந்துகொண்டு, கடிதத்தை அக்காவிடம் தந்துவிட்டுப் போய்விடுவார். அக்கா அதைப் படித்துவிட்டுத்தான் தம்பிக்குக் கொடுப்பாள் என்பது வேறு கதை.

மனைவியைத் தெருவில் மூக்கம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் மாலை நேர உதவியாளர். டாக்டர் நோயாளியின் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்க்குமுன், குளிர்ந்த எஃகுத் தகடு ஒன்றை மூக்கின் கீழே பிடிப்பது அவள் வேலை. மூச்சு விட்டால் தகட்டில் இரண்டு பனித்தடம் விழும். எந்தப் பக்கம் சிறியதோ அந்தப் பக்கம் அடைப்பு. பதினாறு வருஷத்தில் எத்தனையோ மூக்குகளின் தடத்தைப் பார்த்துவிட்டாள். புருஷனுடையதை எங்கே கண்டாலும் சொல்லிவிடுவாள்: வலதில் சட்டைப் பொத்தான் அளவு, இடதில் ஓர் உளுந்து.

சம்பந்தி என்பதெல்லாம் சாக்கு. உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சமையலை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு அவளும் போய் அவர் பக்கத்தில் படுப்பாள். அந்த மூன்று மணி நேரம்தான் அவர்களுக்கு இரவு. ஜன்னல் திரையை மீறி உள்ளே விழும் மஞ்சள் வெளிச்சத்தில், அவர் உடம்பிலிருந்து மாவும் புகையும் கலந்து வரும் வாசனையில், மேடேறுகிற லாரிபோல ஏறிக்கொண்டே போகும் குறட்டை சட்டென்று பாதியில் நின்றுவிடும். அவள் எண்ணுவாள். எட்டு. ஒன்பது. பதினொன்று. பதினாலில் கிணற்றிலிருந்து தலையைத் தூக்குகிறவர்போல ஒரு பெருமூச்சு வந்து மறுபடி தொடங்கும். தினமும் அந்தப் பதினாலு எண்ணிக்கைக்கு அவள் விதவையாக இருந்தாள். சொன்னால் அவர் பயந்துவிடுவார். அதனால் சம்பந்தியைக் காட்டிச் சண்டை போட்டாள். சண்டையில் ஜெயித்தும்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"நடுவுல கொஞ்ச நேரம் மூச்சு நின்னுடுச்சும்மா. பயப்படாதீங்க, திரும்ப வந்துடுச்சு. எலும்பு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு."

மூக்கில் பஞ்சு அடைத்து, மயக்கத்தில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க நடுப்பகலில் வீட்டுக்கு வந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தாள். பக்கத்தில் குறட்டை கனமாக, காதோரம் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல முழங்கையால் ஓர் இடி இடித்து, "திரும்பிப் படுங்க" என்றாள். சத்தம் நின்றது. கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு குறட்டை சுவர்ப்பக்கமாக, கொஞ்சம் தணிந்து கேட்டது. பல வருஷங்களில் அப்படியொரு நிம்மதியான தூக்கம் அவளுக்கு வாய்த்ததில்லை.

விழித்தபோது மணி நாலு. வீடு அமைதியாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

களைப்பு என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சுவர்ப்பக்கத் தலையணை சூடாக இருந்ததற்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கத்துச் சுவரில் ஜன்னலே கிடையாது.

மூன்றாம் நாள் பஞ்சை எடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று பகலில் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. சத்தமே இல்லை. தபால்காரர் குழம்பிப்போய் மணியடித்தார். அக்காவே சுவர்வழியாகத் தோல்வியை ஒப்புக்கொண்டாள். "பரவாயில்லடி, உன் டாக்டர் கெட்டிக்காரர்தான்!"

மூக்கம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, வலது கையின் பின்புறத்தை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். சூடும் படவில்லை, குளிர்ச்சியும் படவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். மார்பைப் பார்த்தாள். சட்டை மடிப்பு இஸ்திரி போட்டதுபோல அப்படியே கிடந்தது.

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "தூங்கும்மா."

இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளை 'டி' போடாமல் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் கவனிக்க ஆரம்பித்தாள். கவனித்திருக்கக் கூடாது. காபி கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் ஊதாமல் குடித்தார். கல்யாணப் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர்வரை எங்கும் நிறுத்தாமல், ஒரே இழுப்பில் உரக்கப் படித்தார். மகள் கைதட்டிச் சிரித்தாள். "அப்பா, மூச்சே விடலையே நீங்க!" அவரும் சிரித்தார். வேலைக்குப் போன முதல் இரவில் ஓர் அடுப்பு ரொட்டி முழுக்கக் கரியாகிவிட்டது. வாசலில் நின்ற காவலாளிக்குத் தெரிந்த தீய்ந்த வாசனை அடுப்புக்கு முன்னால் நின்றவருக்குத் தெரியவில்லையாம்.

எட்டாம் நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். தகட்டைப் பிடித்தது அவள்தான். டாக்டர் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, "எப்படிம்மா படியுது?" என்றார்.

தகடு கண்ணாடிபோல இருந்தது. அதில் அவள் முகம்தான் தெரிந்தது. அதற்கு மேலே அவருடைய கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. காத்திருந்தன.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"ரெண்டு பக்கமும் சமமா படியுது டாக்டர்," என்றாள்.

அன்றிலிருந்துதான் வீட்டுக்குள் அந்தக் குறட்டை மறுபடி கேட்டது. கட்டிலில் இடம் போன பிறகு அது போக்கிடம் இல்லாமல் அலைந்தது. ஒரு நாள் சாமான் அறையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் கேட்டது. மறுநாள் குளியலறைக் கதவருகே, ஈரத் தரையில் படுத்தவன் குறட்டைபோல நடுங்கிக்கொண்டு கேட்டது. பகலில் மட்டும்தான், அதுவும் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. சொல்லாமல் வந்துவிட்ட விருந்தாளிபோல, அவள் காலடிச் சத்தம் கேட்டதும் தணிந்துகொண்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு உரியவர் இப்படி ஒதுங்கி ஒதுங்கியா கிடப்பது?

சமையலறையில், அடுப்பு மேடைக்குக் கீழே கதகதப்பான இடமாகப் பார்த்து ஒரு விரிப்பைப் போட்டாள். அவருடைய பழைய தலையணையை வைத்தாள். "இங்க வந்து படுங்க," என்று காற்றிடம் சொன்னாள்.

பன்னிரண்டரைக்குத் தலையணை மெல்லக் குழிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த தகட்டை எடுத்துக் குழிவுக்கு மேலே பிடித்தாள். தகட்டில் பனி படர்ந்தது. வலதில் பொத்தான். இடதில் உளுந்து.

அவள் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நேராக்காத மூக்கு. அவள் புருஷன். இருபத்தேழு வருஷம் "சனியன் பிடிச்ச சத்தம்" என்று அவள் திட்டிய சத்தம். பதினாலு எண்ணிக்கை நின்றது, பிறகு பெருமூச்சு வந்தது. அவள் சிரித்தாள். ஒரு வாரம் பகலெல்லாம் அந்த விரிப்பின் ஓரத்தில் படுத்துத் தூங்கினாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. வந்த சத்தமே இல்லை.

"யாருக்கும்மா படுக்கை?"

அவள் எழுந்து நின்றாள். கீழே குறட்டை, ஒன்றும் அறியாமல், மேடேறிக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சம்பந்தி வர்றாங்க," என்றார் மென்மையாக. "வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட ஒரு அப்பா வேணும். அதால முடியுமா?"

அவள் தலையணைக் குழிவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. நான் போயிடறேன். கட்டில்ல படுத்துடறேன், காலையில தூக்கிட்டுப் போயிடலாம். கல்யாணம் நின்னுடும். அவ்வளவுதானே?"

கூடத்தில் மகள் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்து அங்கும் இங்கும் நடக்கிற சத்தம் கேட்டது. டக், டக். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்தார். விரிப்பின் மேல் குப்புறப் படுத்தார். முகத்தைத் தலையணையில், சரியாக அந்தக் குழிவில் பொருத்தினார்.

குறட்டை அவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அடைபட்டது. தலையணை துடித்தது. இடது பக்கம் முதலில் போயிற்று, மெல்லிய விசில்போல. பிறகு வலது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அது "ஏய்" என்றது. அவளுக்குத்தான்.

நின்றது.

எட்டு. பதினொன்று. பதினாலு.

அவள் கை அவர் சட்டைக் காலரைத் தொட்டது. பிடித்து இழுத்திருக்கலாம்.

டக், டக்.

இருபது. நாற்பது. நூறு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள், மகளுக்குத் தெரியாமல்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அப்பா எல்லாரையும் வாய் ஓயாமல், மூச்சு வாங்காமல் வரவேற்றார். என்ன மாதிரி மனுஷன் என்று சம்பந்தி வீட்டார் மெச்சினார்கள். மகள் புருஷனோடு ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறோர் ஊருக்குப் போனாள். அந்த வருஷமே அக்கா ஒட்டுவீட்டை விற்றுவிட்டு மகனிடம் போய்விட்டாள். இத்தனை வருஷம் இருந்த வீட்டை ஏன் விட்டாய் என்று கேட்டால், "இங்க ரொம்ப அமைதியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு சின்னப் பதிலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்க ரொட்டிக்காரர் முதலில் போனார். மூக்கம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாலாம் நாள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, பாப்பாவுக்கு மூக்கடைப்புன்னு சொன்னேன்ல, போயே போச்சு! அப்பா மடியில போட்டு ஒரு விரலால மூக்கை நீவிக்கிட்டே இருந்தார். மூணு நாளா அழுகையே இல்ல. சத்தமே போடாம தூங்குது. கண்ணைத் திறந்தா சிரிக்குது. எங்க வீட்டுக்காரருக்கும் குறட்டை வருதில்ல, இன்னைக்கு அப்பா அவருக்கும் நீவிவிடப்போறாராம்."

மூக்கம்மா அன்று மாலையே வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். திரும்பி வரவில்லை. வீட்டுச் சாமான்களை ஆள் வைத்து எடுத்துப் போனார்கள். இப்போது எல்லாரும் அங்கேதான் ஒன்றாக இருக்கிறார்களாம்.

குழந்தையைப் பார்க்க அக்கா ஒருமுறை போனாள். பகல் இரண்டு மணி. மணியடிக்குமுன், பழக்க தோஷம், ஜன்னல்வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் ஐந்து பேரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மாப்பிள்ளை, மகள், நடுவில் குழந்தை, தம்பி, தம்பி பெண்டாட்டி. ஆளுக்கொரு வெள்ளைப் போர்வை, கழுத்துவரை. மூக்கம்மாவின் கை மட்டும் வெளியே, தம்பியின் மார்பின்மேல் விரிந்து கிடந்தது. அக்கா வெயிலில் வெகுநேரம் நின்றாள்.

அந்தக் கை ஏறவில்லை. இறங்கவில்லை. ஐந்து போர்வைகளில் ஒன்றுகூட அசையவில்லை. குழந்தை மட்டும் தலையைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தது.