நாங்க முடிவு பண்ணிட்டோம்

"முதல் நாள் அரண்மனை, அடுத்த நாள் ஆத்துல படகு, கடைசி நாள் அந்தப் பழைய தேவாலயம். நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்றார் கணவர், கணினியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

அவள் அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனை மருந்தகத்தில் காலையிலிருந்து நின்றபடியே மாத்திரை எடுத்துக் கொடுத்த கால்கள், செருப்பைக் கழற்றியதும் விண்விண்ணென்று தெறித்தன. போதுமடா சாமி என்றிருந்தது. அதனால் அந்த வார்த்தை உடனே உறைக்கவில்லை. கைப்பையை ஆணியில் மாட்டும்போதுதான் உறைத்தது.

நாங்க?

நாம என்றால் கேட்கிறவளும் சேர்த்தி. நாங்க என்றால் அவளைக் கழித்துவிட்டு மற்றவர்கள். பேசப் பழகும் குழந்தைகூட இதில் தடுமாறாது. இந்த வீட்டில் இருப்பதோ இரண்டே உயிர்.

"நாங்கன்னா யாருங்க?"

"என்னது?"

"நாங்க முடிவு பண்ணிட்டோம்னு சொன்னீங்களே."

"நாமதான். வேற யாரு இருக்கா இங்க?" என்று சிரித்தார்.

வாய் தவறியிருக்கும். நாள் முழுக்க வீட்டு அறையில் ஒண்டியாக உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிற மனுஷர், பேச ஆளில்லாமல் நாக்கு துருப்பிடித்துப் போயிருக்கும். அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் எதையும் அப்படியே விட்டுவிடுவதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது.

ஐரோப்பாவில் ஒரு பழைய தலைநகரத்துக்குப் போகலாம் என்பது கல்யாணமான புதிதில் போட்ட திட்டம். ஒரு வருஷம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் மாமனாருக்கு ஆபரேஷன், அப்புறம் காரணம்கூடத் தேவைப்படவில்லை, தானாகவே தள்ளிப்போனது. ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேராக அவர்கள் மாறி நாளாகிவிட்டது. இந்த மூன்று நாள் பயணத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். இதையும் விட்டால் அவரை விட்டது மாதிரிதான் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன, உட்கார்ந்து பேச உடம்பில் தெம்பு வேண்டுமே! "வாயேன், வந்து பாரேன்" என்று அவர் சாயங்காலம் தோறும் கூப்பிடுவார். "நீங்களே பாருங்க, எனக்கு எதுன்னாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

இந்த வாரம் அவர் கூப்பிடவே இல்லை. இப்போதுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சரி, இன்றைக்காவது உட்காருவோம் என்று அவர் அறைக்குள் போனாள். அவர் நாற்காலியை ஒட்டி இன்னொரு நாற்காலி கிடந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலி, இங்கே ஏன் வந்தது? உட்கார்ந்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டென்று எழுந்துவிட்டாள். யாரோ இந்த நிமிஷம்தான் எழுந்து போன சூடு. ஜன்னல் சாத்தியிருந்த அறையில் மழை ஈரமும் பழைய காகித வாடையும் கலந்து கிடக்க, அவற்றுக்கு மேலே மெல்லிசாக, மூக்குக்கு மிகவும் பழகிப்போன ஒரு வாசனை மிதந்தது. ஸ்பிரிட் வாசனை. மருந்தகத்திலிருந்து அவள் கையோடு தினமும் வீட்டுக்கு வருகிற வாசனை. இது தன்னுடையதுதான் என்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த கையில் குடைக்கம்பியின் துரு வாடைதான் இருந்தது.

"தேவாலயத்துக்கு அடியில ராஜாக்கள் கல்லறை இருக்கே, அங்கயும் இறங்கிடலாம்" என்றார் கணவர்.

"ஐயோ, எனக்கு மூச்சு முட்டுங்க. லிஃப்ட்லயே ஏற மாட்டேன் நானு."

"ஆசையா இருக்குன்னு சொன்னியே?"

"நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தில், ஈரத் தலைமுடியில், வீங்கிய காலில் அவர் பார்வை நின்று நின்று போனது.

"நீ... சொல்லலையா?" என்றார்.

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். டீக்குத் தண்ணீர் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் வந்தது.

"என்னடி, பெட்டி அடுக்க ஆரம்பிச்சாச்சா?"

"இல்லக்கா. இப்பதான் வேலையில இருந்து வரேன்."

"வேலைக்குப் போனியா இன்னிக்கு? மத்தியானம் உங்க வீட்டுக்காரர் போன்லேர்ந்து அவ்வளவு நேரம் பேசினியே!"

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

"நான் பேசலக்கா."

"போடி இவளே, என்கிட்டயே விளையாட்டா? உன் குரல் எனக்குத் தெரியாதா? சிரிச்சு சிரிச்சு பேசின. எத்தனை வருஷமாச்சு நீ அப்படிப் பேசி! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு தெரியுமா. இப்ப என்ன, குரல் இப்படிக் கம்மிப்போய்க் கெடக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு சத்தம் ஓடியது. பேச்சுச் சத்தம். கணவரின் குரல், நடுநடுவே சிரிப்பு, பிறகு இன்னொரு குரல்.

அடுப்பை அணைத்தாள். நடைவழியில் இறங்கினாள். விளக்கு ஸ்விட்சைத் தடவினாள், போடவில்லை. போடப் பயமாக இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை.

"நாம எங்க தங்கறது?" என்று உள்ளே கணவர் கேட்டார்.

நாம.

"ஆத்தைப் பாத்த ரூம் எடுங்க. காலையில எழுந்து நடந்தே போயிடலாம். எவ்வளவு தூரம்னாலும் நடப்பேன்."

அவள் குரல். அவளுடைய குரலேதான். நன்றாகத் தூங்கி எழுந்த குரல்.

கதவைத் தட்டினாள். தன் வீட்டில், தன் கணவரின் அறையை, தட்டினாள்.

கதவு பாதி திறந்தது. கணவர் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் கணினி வெளிச்சம். இரண்டாவது நாற்காலியில் ஒரு முதுகு. அவளுடைய நீலச் சட்டை. அவள் முடி, உலர்ந்து, படிய வாரியிருந்தது.

கணவர் அவளைக் கனிவாகப் பார்த்தார். தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் அப்படித்தான் கனிவாக இருப்பார்.

"சொல்லுங்க. யாரைப் பாக்கணும் நீங்க?"

நீங்க. கல்யாணமான நாள் முதல் அவளை நீ என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

"நான்தாங்க" என்று சொல்ல உதடு பிரித்தாள். காற்றுதான் வந்தது.

"நான்தாங்க" என்றது நாற்காலியில் இருந்த முதுகு.

"ம், சொல்லு" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பினார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"யாருங்க அது?"

"தெரியல. பாவம், தப்பா வந்துட்டாங்க போல."

இருட்டு. கதவடியில் ஒரு கோடு வெளிச்சம். நாற்காலி நகர்ந்தது. வெறுங்கால் சத்தம். அந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு பாத நிழல்கள் வந்து நின்றன. கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம், காதுக்கு நேராக, ஒரு மூச்சு. அவளுடைய மூச்சு.

"ரொம்பக் களைச்சுப்போயிட்டே" என்றது அந்தக் குரல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "போய்ப் படு. நாங்க பாத்துக்கறோம்."

நடைவழியின் அந்தக் கோடியில், பெட்டிகள் அடைத்து வைத்திருக்கும் சிறிய அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் மெத்தை விரித்து, தலையணை போட்டு, போர்வையின் ஒரு ஓரத்தை மட்டும் யாரோ மடித்துவிட்டிருந்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கால்கள் அந்த அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தன.