ஜெசிந்தா இல்லாத பனித்தளம்

ஜெசிந்தாவை உலகத்திலிருந்து நீக்க விலக்காடிக்கு ஆறு நிமிடம் பிடித்தது.

சந்திரனின் தென்முனைப் பள்ளத்தில் ஐஸ் ஹாக்கிதான் உயிர். பூமி எடையில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே. வட்டைத் துரத்தும் ஆட்டக்காரர்கள் மூன்று ஆள் உயரம் எழும்பிப் பறப்பார்கள். பதினாறு ஆண்டுகளில் ஜெசிந்தா அடித்தது எண்ணூற்றுப் பன்னிரண்டு கோல். கோப்பை ஒன்றுகூட இல்லை. எதிரணித் தலைவி தேன்மொழிக்கு எட்டுக் கோப்பை, நாற்பதே கோல். யாருடைய ஆட்ட வாழ்க்கை முழுமையானது? ஊரே இரண்டாகிக் கிடந்தது. அதைத் தீர்க்கத்தான் சங்கச் செயலாளர் தணிகாசலம் விலக்காடி என்ற கருவியை வரவழைத்தார். ஒருவரை மட்டும் எடுத்துவிட்டு, நடந்த ஆண்டுகளை அது மறுபடி ஓட்டிக் காட்டும்.

தேன்மொழியை நீக்கியபோதும் அவள் அணி ஆறு கோப்பை வென்றது. கூட்டம் ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்தது.

இப்போது ஜெசிந்தா இல்லாத பனித்தளம் ஒளியில் எழுந்தது. அவளுடைய இடத்தில் வேறொருத்தி ஆடினாள். அந்தரத்தில் உடலை இருமுறை சுழற்றி, தலைகீழாகத் தொங்கியபடியே வட்டை வலைக்குள் அனுப்பினாள். அரங்கம் மூச்சை மறந்தது. ஆயிரத்து நூறு கோல். பத்துக் கோப்பை.

"யாருடி அது?" என்றாள் ஜெசிந்தா.

ஒளியுருவம் முகக்கவசத்தைக் கழற்றியது. சபுரா! பதினாறு ஆண்டுகளாக மாற்று ஆட்டக்காரியாக ஜெசிந்தாவின் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். இப்போதும் அங்கேதான் இருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"சபு... நான் இருந்ததாலதான் நீ..."

"அவ நான் இல்ல, ஜெசி. எப்படித் திரும்புறா பாரு! எனக்கே மெய்சிலிர்க்குது. ஆனா அவளுக்கு உன்னத் தெரியவே தெரியாதே."

தணிகாசலம் ஒலிவாங்கியை எடுத்தார். "முழுமையான ஆட்ட வாழ்க்கை சபுராவோடது" என்றார். "ஆனா அது நடக்கல."

அடுத்த ஒரு மணி நேரத்தில் தேன்மொழி அணியோடு இறுதி ஆட்டம். ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"போ சபு. இன்னிக்கு நீ ஆடு."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுடி. முழங்கால் வேற..."

"போன்னா போ."

சபுரா இறங்கினாள். தடுமாறினாள், இரண்டு முறை விழுந்தாள். கடைசி நிமிடத்தில் வட்டு அவளிடம் வந்தது. எழும்பினாள். அந்தரத்தில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, சுழன்றாள். வட்டு கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கோப்பை மறுபடியும் தேன்மொழிக்குப் போனது. ஜெசிந்தா பெஞ்சின் மேலேறி, தொண்டை கிழியக் கத்தினாள். எண்ணூறு கோலுக்கும் அவள் அப்படிக் கத்தியதில்லை.

அதைப் பார்க்க அரங்கில் பாதிப்பேர்கூட இல்லை. மற்றவர்கள் வெளியே, விலக்காடியின் வாசலில் வரிசையில் நின்றார்கள். நீக்கிப் பார்க்க ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். பல பெயர்கள், வரிசையில் பக்கத்தில் நின்றவர்களுடையவை.