இறக்கி வைத்த மண்

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டி, ரயில் பாதை ஒரு மேட்டின் மேல் போகிறது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். கீழே தண்ணீரில் எருமைகள் கிடந்தன. மேலே தண்டவாளம் காய்ந்துகொண்டிருந்தது. பேய் பிசாசு என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்று விரட்டியிருப்பேன்.

என் பெயர் துளசிராம். என் வேலை கொஞ்சம் விசித்திரமானது. ஒரு செயற்கைக்கோள் முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை மதுரைக்கு மேலே கடந்து போகும். போகிறபோது ராடார் அலையை அனுப்பித் தரையைத் தொட்டுப் பார்க்கும். முந்தைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், நிலம் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கியிருந்தாலும் தெரிந்துவிடும். இறங்கிய இடம் படத்தில் சிவப்பாக வரும். போன வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில், ஐதராபாத் ஆபீசில், ரயில் பாதைகளுக்கு அடியில் நிலம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இந்த மேட்டில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது, ஒரு வீட்டளவுக்கு. ஜல்லி கொட்டி நிமிர்த்துவார்கள்; அடுத்த படத்தில் மறுபடி இறங்கியிருக்கும். மண்ணை எடுத்துச் சோதிக்க யாராவது போக வேண்டியிருந்தது. மதுரை என் சொந்த ஊர். மனைவி ஹம்சவேணியும் கைக்குழந்தை ஸ்ரீலட்சுமியும் அங்கேதான் இருந்தார்கள். நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

துணைக்கு ரயில்வேயிலிருந்து, தண்டவாளத்தைப் பராமரிக்கும் சிவனாண்டி என்ற டிராக்மேனை அனுப்பியிருந்தார்கள். அதிகம் பேசாத மனிதர். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மகள் பிறந்த கதை, வீட்டில் தொட்டில் கட்டிய கதை எல்லாம் அளந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புள்ள நல்லா பால் குடிக்குதா சார்?"

குடித்துத் தீர்க்கிறாள் என்று சிரித்தேன்.

நான் மண்வெட்டியை எடுத்ததும் கையைப் பிடித்துத் தடுத்தார். செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை விரித்து, குனிந்து, வெறுங்கையால் மூன்று பிடி மண் அள்ளி அதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னார். பிறகு என் பைக்குள் கொட்டினார்.

"வழியில எங்கயும் கீழ வச்சிறாதீக சார். நேரா வீட்லதான் எறக்கணும்."

சாம்பிள் கலந்துவிடக் கூடாதென்று அக்கறைப்படுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தெற்குமாசி வீதிச் சந்தில் எங்கள் வீடு தீப்பெட்டி மாதிரி. பையை வைக்கத் தொட்டிலுக்கு அடியில்தான் இடம் இருந்தது.

வைத்தேன்.

வீடு முழுக்க, வெட்டிப் போட்ட பச்சை மண் வாசனை அடித்தது. மறுநாள் பையைக் கூரியரில் ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டு, லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். வாசனை போகவில்லை.

அன்றிலிருந்து குழந்தை தாய்ப்பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பசி என்று அழவும் இல்லை. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் எடை பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஏறியிருக்கிறாள், தாய்ப்பாலையே தொடரம்மா என்றார். பால் கட்டி வலி பொறுக்காமல் ஹம்சவேணி கிண்ணத்தில் பீய்ச்சிக் கீழே கொட்டினாள். அவள் பேச்சும் குறைந்துகொண்டே போனது.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் சமையலறை வாசலில் நின்றபடி என்னைக் கைகாட்டி அழைத்தாள். சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்திருந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை.

தொட்டிலின் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தது.

உள்ளே குழந்தை கண்ணை மூடி, வாயைக் குவித்து, மடக் மடக்கென்று எதையோ விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஹம்சவேணி என் காதோரம் எங்கள் பாஷையில் சொன்னாள். "நம்ம புள்ள யாருகிட்டயோ பால் குடிக்குது."

ஓடிப்போய்த் தூக்கினேன். தொட்டில் சட்டென்று மேலே எழும்பியது. ஹம்சவேணி முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடம் செம்மண் நிறமாக இருந்தது.

அதே வாரம் ஆபீசிலிருந்து புதிய படம் மெயிலில் வந்தது. ரயில் மேட்டில் சிவப்புப் புள்ளி இல்லை. நிலம் அடங்கிவிட்டது என்று போனில் பாராட்டினார்கள். படத்தை ஊர்ப்பக்கம் நகர்த்தினேன். கோயில், மாசி வீதிகள், எங்கள் சந்து.

சிவப்புப் புள்ளி எங்கள் வீட்டின் மேல் இருந்தது.

நான் ரயில் மேட்டுக்கு ஓடியபோது சிவனாண்டி அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை; மழுப்பாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மனைவி தங்கப்பொண்ணு, மேட்டை அகலப்படுத்தியபோது இங்கே மண் சுமந்தவள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் என்று, மரத்தில் கட்டிய தூளியை நோக்கி அவள் நடந்தபோது சரிவு முழுக்க அவள் மேல் இடிந்து விழுந்தது. தோண்டினால் வேலை நின்றுபோகும் என்று காண்ட்ராக்டர் அதன் மேலேயே மண்ணைக் கொட்டச் சொன்னான். தூளியில் கிடந்த குழந்தை பாலுக்கு ஏங்கி ஏங்கிச் சில நாளில் போய்விட்டது.

"மாரு கட்டிப்போயி கெடந்தா சார்," என்றார். "பொரண்டு பொரண்டு படுத்தா. அதான் மண்ணு எறங்குச்சு. அவளுக்கு ஒரு புள்ள வேணும். என் வீட்ல ஏது தொட்டில்?"

அவர் சட்டையைப் பிடித்தேன். அவளைத் திரும்ப எடுத்துக்கொள் என்று கத்தினேன். கடைசியில் காலிலேயே விழுந்துவிட்டேன். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"அது பிடிமண்ணு சார். சாமிய ஒரு ஊருல இருந்து இன்னொரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறப்ப எடுப்பாகள்ல, அது மாதிரி. எறக்கி வச்ச எடம்தான் அவளுக்கு வீடு. இனி வரமாட்டா."

அன்றைக்கே ஆரப்பாளையத்தில் ஒரு வீடு பிடித்துக் குடிபோனோம். அங்கே மண் வாசனை இல்லை. ஹம்சவேணி பல நாள் கழித்துச் சிரித்தாள்.

ஆனால் குழந்தை அங்கே எதையும் குடிக்கவில்லை. தாய்ப்பால், பசும்பால், சர்க்கரைத் தண்ணீர், எதைக் கொடுத்தாலும் கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள், உடம்பு ஏற்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் வாடிப்போனாள். இனி எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, ஹம்சவேணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நான் பின்னாலேயே ஏறினேன்.

பழைய வீட்டைத் திறந்து, தொட்டிலில் குழந்தையைக் கிடத்தினாள். வெளியே வந்து, தன் கையால் கதவைச் சாத்தினாள்.

தெருவில் நின்றோம். மார்பில் ரவிக்கை நனைந்து அவள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

உள்ளே, மடக் மடக்கென்று சத்தம் கேட்டது.

அதன்பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை. வேளாவேளைக்கு ஹம்சவேணி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பாள். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் புள்ளி ஒவ்வொரு தடவையும் இன்னும் அழுத்தமாகச் சிவக்கிறது. காலி பண்ணிவிடு என்கிறார்கள் ஆபீசில். யாரைக் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

நேற்று ஸ்ரீலட்சுமி முதன்முதலாகப் பேசினாள். ஹம்சவேணி ஆசையாகக் கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அவளைத் தாண்டித் தவழ்ந்து போனாள். தொட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து, மொசைக் தரையில் கன்னத்தை வைத்தாள்.

"ஆத்தா," என்றாள்.

எங்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம். அந்தச் சொல்லை இங்கே யாரும் சொன்னதே இல்லை.

அவள் கன்னத்துக்குக் கீழே தரை மெல்ல இறங்கிக் கொடுத்தது.