புகை போகும் வழி

புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் ஜக்கரியா தம் காப்பிக் கடையைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இருசப்பன் வந்து நின்றார். தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்துவது இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"பாய், எம் மவ சின்னத்தாய போலீஸ் புடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. கட்டுன புருஷனுக்கே வெசம் வச்சிட்டாங்கிறாங்க."

அது 1951, மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து போரிட்ட காலம். தோட்டக் காவலுக்கு இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குச் சமைத்துப் போட்டவள் சின்னத்தாய். அவள் புருஷன் உடையப்பன் அவர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியவன். மூன்று மாதத்தில் அவனும் இன்னும் மூன்று பேரும் வயிற்றுவலியில் விழுந்தார்கள். ஆறு நாளைக்கு முன்னால் வலிப்பு வந்து உடையப்பன் செத்துப்போனான். சமையற்கட்டில், களைகளைக் கொல்லத் தெளிக்கும் புல் மருந்து டின் ஒன்று கிடைத்தது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்காக அவள்தான் செய்தாள் என்று எழுதிவிட்டார்கள். அந்த நாட்களில் முடிவு முதலில் வரும். விசாரணை வந்தால் உண்டு.

"தூக்குல போட்டுருவாங்களா பாய்?"

ஜக்கரியா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். சாகிறவர்களிடம்கூடப் பொய் சொன்னதில்லை. "போட்டாலும் போடுவாங்கண்ணே. வாங்க, போய்ப் பாக்கலாம்."

டாக்ஸி ஓட்டிய கார்த்திகேசுவுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். கிளம்பும்போதே குற்றவாளியைப் பிடித்துவிட்டான். "வேலை வாங்குற மண்டோர்தான் பாய்! அந்தாளு மூஞ்சியே சரியில்லலா."

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் ஜக்கரியா. பிறகு இருசப்பனிடம் திரும்பினார். "வயித்துவலின்னீங்களே, பேதியும் ஆச்சா?"

"இல்ல பாய். நாலஞ்சு நாளா வெளிக்கே போவாது. சுருட்டிச் சுருட்டி வலிக்கும். மாப்பிள்ளைக்கு நாந்தான் சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்தேன்."

"கேட்டுல காவல் நிக்கிறவங்க எங்க சாப்புடுறாங்க?"

"அதே பானைதான். அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

தோட்டத்தில் ஒன்றுபோலவே இரண்டு கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று இருசப்பன் வேலைபார்க்கும் புதிய புகைக்கூடம். மற்றது பழைய புகைக்கூடம். இப்போது அதற்குள்தான் துப்பாக்கிப் பயிற்சி. வெளியில் சுட்டால் காட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று தொழிலாளர் லயம் முழுக்க அலறும், ராணுவ லோரிகள் ஓடிவரும். அதனால் துரை இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். மகளைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டே நடந்த இருசப்பன், புதிய கூடத்தின் கூரையில் புகை கசிவதைப் பார்த்தார். பேச்சை நிறுத்தாமலே சுவரோரம் தொங்கிய கயிற்றை இழுத்துக் கட்டினார். கூரைத் திறப்பு மூடிக்கொண்டது. ஜக்கரியா அந்தக் கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

பழைய கூடத்தின் ஒரு கோடியில் குண்டுகளைத் தாங்க மணல் மூட்டைகள். மறுகோடியில் சுடுகிறவர்கள் நிற்கும் இடம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மின்விசிறி. மணல் மூட்டைகளுக்கு மேலே கூரைத் திறப்பு; அதன் கயிறு புதிய கூடத்தில் போலவே வெளிச்சுவரோரம். விசிறி புகையை முன்னால் தள்ள, அது திறப்பு வழியாக வெளியே போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சுடுகிறவர்கள் நிற்கும் பக்கத்துச் சுவரில் ஜக்கரியா விரலைத் தேய்த்தபோது சாம்பல் நிறத் தூசி அப்பிக்கொண்டது.

நோயில் கிடந்த மூவரில் ஒருவனான முருகையாவைப் போய்ப் பார்த்தார். உதட்டைத் தூக்கினார். ஈறு ஓரமாக நீலக்கோடு ஓடியிருந்தது.

"கூரைத் திறப்ப யாரு தெறப்பா?"

"உடையப்பண்ணந்தான், காலையில சுட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி" என்றான் முருகையா. "ஆனாலும் பொகை மூச்ச அடைக்கும். வெடிச் சத்தத்துல வேற ஒண்ணும் காதுல விழாது. சாயங்காலம் பாத்தா மூடித்தான் இருக்கும். யாரோ வேலை முடிஞ்சு மூடுறாங்கன்னு நெனச்சோம்."

ஜக்கரியா சொல்லியனுப்ப, மத்தியானம் இன்ஸ்பெக்டர் சுப்பிரமணியம் வேண்டாவெறுப்பாக வந்தார். "டிரெஸ்ஸர், எனக்கு வேற வேலை இருக்கு."

"கொஞ்ச நேரந்தான் ஐயா" என்ற ஜக்கரியா, அவரையும் கார்த்திகேசுவையும் பழைய கூடத்துக்குள் அழைத்துப் போனார். இருசப்பனை வெளியிலேயே இருக்கச் சொன்னார்.

"புல் மருந்து வயித்துக்குள்ள போனா பேதி பிச்சுக்கிட்டுப் போவும். இவங்களுக்கு வயிறு கட்டிக்கிச்சு. ஈறுல நீலக்கோடு ஓடியிருக்கு. இது ஈய நஞ்சு ஐயா. ஆஸ்பத்திரி டாக்டர் பாத்தா அவரும் இதத்தான் சொல்லுவாரு. இங்க சுடுறது வெறும் ஈயக்குண்டு. அந்தப் பொகையையும் தூசியையும் மூணு மாசமா மூச்சுல இழுத்திருக்காங்க. உடையப்பன் நாள் பூரா இங்கதான் இருந்தான். அதான் அவன் முதல்ல போயிட்டான். சோத்துல ஒண்ணுமில்ல."

"விசிறி இருக்கு, திறப்பு இருக்கு. அப்புறம் எப்படி?"

கூரைத் திறப்பை முன்பே திறந்து வைத்திருந்த ஜக்கரியா விசிறியைப் போட்டார். மணல் மூட்டையருகே ஒரு டின்னில் தேங்காய் மட்டையைக் கொளுத்தினார். புகை ஒழுங்காக மேலேறித் திறப்பு வழியாக வெளியே போனது.

"சரியாத்தானே போகுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் ஜக்கரியா. காலையிலிருந்து அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்ததெல்லாம், தாம் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்பதுதான்.

கூரையில் கிரீச்சென்று சத்தம். திறப்பு மூடிக்கொண்டது. விசிறி தள்ளிய காற்றுக்குப் போக வழியில்லை. கோடிச் சுவரில் மோதி, புகையைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேர் முகத்துக்கும் திரும்பி வந்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள்.

இருசப்பன் சுவரோரம் நின்று கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருய்யா உன்ன மூடச் சொன்னது?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"பொகை வீணாப் போவுதுங்களே ஐயா..."

சொல்லி முடிக்கவில்லை. முடிச்சைப் பார்த்தார். எதிரே இருந்த புதிய கூடத்தைப் பார்த்தார். புகை வெளியே போனால் ஷீட்டு கெட்டுப்போகும். இருபத்திரண்டு வருஷமாக மணிக்கொரு தரம் சுற்றிவந்து கயிறு இழுத்த கை. பழைய கூடத்தைத் தாண்டும்போது மட்டும் அந்தக் கை எப்படிச் சும்மா இருக்கும்? பாவி மனுஷன், தினமும் தன் மாப்பிள்ளையை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

"பாய்," என்றார், "அவன் வலிக்குதுன்னு சொன்னப்பகூட நான்..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கார்த்திகேசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று அவனிடம் வேறு குற்றவாளி இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் ஈய நஞ்சுதான் என்று எழுதிக் கொடுக்க மூன்று நாளாயிற்று. கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சின்னத்தாய் வெளியே வந்தாள். அப்பாவின் வலது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் பாய்கிட்ட போவலன்னா என்னக் கொன்னிருப்பாங்கப்பா."

இருசப்பன் கையை உருவிக்கொண்டார். ஜக்கரியா அவருக்காகப் பேசவில்லை. கயிற்றை இழுத்த கதையை அவர்தான் சொல்ல வேண்டும். வெயிலில் நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், இருசப்பன் சொன்னார்.

சின்னத்தாய் அழவில்லை. நேரே போய் டாக்ஸியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அண்ணே, சுங்கை புரோங்ல எங்க மாமியா வீட்டுல இறக்கி விட்டுடுங்க."

கார்த்திகேசு என்ன செய்வதென்று தெரியாமல் இருசப்பனைப் பார்த்தான்.

"கொண்டுபோய் விடுங்க தம்பி" என்றார் அவர். "நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

டாக்ஸி வடக்கே போய் மறைந்தது. ஜக்கரியா அவரோடு பஸ்ஸுக்காக நின்றார். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே இருசப்பன் கேட்டார்:

"நாளைக்கும் நான்தான பாய் அந்தக் கயித்த இழுக்கணும்?"